மாட்டுப் பொங்கலன்று யார் முறை

பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டு முறையை மற்றவர்கள் கையால் தொட்டுப் புரிந்துகொள்வதற்காக ஜெயசுதா ஐந்து மரப்பெட்டிகள் செய்து, கம்பியால் இணைத்திருந்தாள். செஞ்சியில் கம்ப்யூட்டர் சொல்லித்தருபவள் அவள். வல்லம் ஏரிப் பாசனக்காரர்கள் ஐந்து பேரை வைத்து அன்று முதல் சோதனை.

“ஒரே குறிப்பு எல்லார்கிட்டயும் இருக்கும். ஒருத்தர் மட்டும் மாத்தினா அவர் பெட்டியில சிவப்பு லைட் எரியும். போன மாட்டுப் பொங்கல் அன்னிக்கு ஏரித் தண்ணி யார் முறை? பக்கத்துல பாக்காம பேர் அட்டையைச் சொருகுங்க.”

எல்லோருக்கும் நினைவிருக்கும் நாள் என்றுதான் அதைக் கேட்டாள். அன்று எழிலன் முறை தவறி மடையைத் திறந்ததாகச் சொல்லி, அந்த ஐவரில் ஒருவனான நெடுமாறன், இன்னொருவனான எழிலனின் இரண்டு விரல்களை மண்வெட்டியால் வெட்டியது அவளுக்குத் தெரியாது.

நான்கு பெட்டிகளில் பச்சை எரிந்தது. நெடுமாறன் பெட்டியில் சிவப்பு.

“இன்னாம்மா, என்னைத் திருடன்னு காட்டத்தான் பொட்டி செஞ்சியா?”

அவன் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். தெறித்த மரச்சில் ஜெயசுதாவின் நெற்றியைக் கிழித்தது. மற்ற நான்கும் பச்சையாகவே எரிந்தன.

எழிலன் எழுந்தான். நெடுமாறன் நாற்காலியை ஓங்கியபடி நின்றான். எழிலன் அவனைத் தாண்டிப் போய், மற்ற மூவரின் அட்டைகளையும் உருவிப் பார்த்தான். மூன்றிலும் எழிலன் பெயர்.

“மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்குது. அப்புறம் ஏன் போலீஸ்ல நெனவில்லன்னு சொன்னீங்க, செல்லப்பன் மாமா?”

“வம்பு எதுக்குன்னுதான்டா…” என்று செல்லப்பன் ஆரம்பித்தார்.

மூன்று விரல் முஷ்டி அவர் வாயில் இறங்கியது. பல் உடையும் சத்தம் கேட்டது. அடுத்தவரின் சட்டையை எழிலன் பிடித்தபோது, நெடுமாறன் நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தான்.