வளையம் போடும் கை

என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சதை அவருக்கு முன்னாடி கண்டுபிடிச்சவ நான்தான். டீ டம்ளரெல்லாம் அப்புறம்தான் தளும்புச்சு. முதல்ல ஆடினது அவரு கையில இருந்த ஒரு கதிர்க்குருவியோட கால்.

எங்க வேலை இதுதான். ஏரிக்கரை நாணலுக்கு நடுவுல மெல்லிசா வலை கட்டுவோம். விழுற பறவையோட கால்ல நம்பர் போட்ட அலுமினிய வளையம் மாட்டி, எடை பார்த்து, எழுதிக்கிட்டு விட்டுடுவோம். அடுத்த வருஷம் அதே நம்பர் வலையில விழுந்தா அந்தப் பறவை உயிரோட இருக்கு, இந்த ஏரி அதுக்கு இன்னும் சோறு போடுதுன்னு அர்த்தம். ஏரியை மூடிக் கட்டடம் எழுப்ப வந்தவங்களை ஒரு தடவை திருப்பி அனுப்பினதே எங்க நம்பருங்கதான். சும்மா விடுவாங்களா? எங்கயாவது ஒரு ஓட்டை கிடைக்காதான்னு இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க.

இந்த வளையம் போடுற முகாமுல நாங்க ரெண்டே பேர்தான். முகாமுக்குப் பொறுப்பு நான். "நான் அவளைவிட நல்லா வளையம் போடுவேன், அவ என்னைவிட நல்லாச் சண்டை போடுவா. அதான் பொறுப்பை அவகிட்ட குடுத்துட்டாங்க"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பாரு. பொய்யில்ல, எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

பறவையைப் பிடிக்க ஒரு பிடி இருக்கு. கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல, முதுகு உள்ளங்கையில. இறுக்கினா மூச்சு நின்னுடும். இடுக்கியால வளையத்தை மூடும்போது கொஞ்சம் பிசகினாலும் கால் போச்சு. அவரு கையில அப்படி ஒரு பறவைக்கும் ஆனதில்ல.

டாக்டர் நோயோட பேரைச் சொல்லி மாத்திரை எழுதிக் குடுத்தாரு. குறையும், போகாதுன்னாரு. அதுலயிருந்து மைனா, புறாவையெல்லாம் அவர்கிட்ட தள்ளிவிட்டுச் சின்னதை நானே எடுத்துக்கிட்டேன்.

"என்னடி, எனக்கு மட்டும் தடிமாடா வருது?"

"உங்க ராசி அப்படி."

ஒரு நாள் காலையில நான் திரும்புறதுக்குள்ள, வலையில விழுந்ததைப் போட்டு வெச்சிருக்கிற துணிப்பையில கையை விட்டுக் கதிர்க்குருவியை எடுத்துட்டாரு. கை அப்படி ஆடுது. குருவி வாயைப் பிளந்துக்கிட்டு மூச்சு வாங்குது. அவரு இடுக்கியை எடுத்தாரு.

"குடுங்க."

"போட்டுடுவேன்டி."

"குடுங்கன்னு சொல்றேன்ல."

பொண்டாட்டி கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டாரு. கேட்டது முகாம் பொறுப்பாளர்னு அவருக்குப் புரிஞ்சுது. குருவியையும் குடுத்தாரு, இடுக்கியையும் குடுத்தாரு. நான் வளையம் போட்டுப் பறக்கவிட்டேன். அவரு நோட்டை இழுத்து மடியில வெச்சுக்கிட்டு, "சரி, நம்பரைச் சொல்லு, இனிமே நான் எழுதுறேன்"னாரு. சொன்னேன். வலை பார்த்துட்டு வரேன்னு போய் நாணல் மறைவுல நின்னு அழுதேன்.

எழுத்தும் ஆடுச்சு. ஒண்ணு ஏழாச்சு, மூணு எட்டாச்சு. ஒரு நம்பர் மாறினா அது வேற பறவை. இதை அவர்கிட்ட எப்படிச் சொல்ல? ஒரு மனுஷன்கிட்டயிருந்து எத்தனை தடவைதான் பிடுங்குறது? புது வளையத்துல நம்பர் வரிசையா வரும், சமாளிச்சுக்கலாம். ஏற்கெனவே வளையத்தோட வர்ற பறவைக்கு மட்டும் நம்பரைப் பேனாவால என் கையில எழுதி, முழுக்கைச் சட்டைக்குள்ள மறைச்சுக்குவேன். மத்தியானம் அவரு தூங்கும்போது நோட்டுல திருத்தி வெப்பேன். கட்டினவரை ஏமாத்துறோமேன்னு நெஞ்சு குறுகுறுக்கும். ஆனாலும் அவரு என் பக்கத்துல உக்கார்ந்திருந்தா போதும்னு இருந்துச்சு.

அன்னிக்குச் சட்டைக்கையை மடக்கிவிட்டுக்கிட்டுப் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். டம்ளரைப் போட வந்தவரு என் கையைப் பிடிச்சுத் திருப்பினாரு. நம்பரை நிறுத்தி நிதானமாப் படிச்சாரு.

"இது காலையில வந்த பழைய பறவைதானே? நான்தான் எழுதினேனே."

கையை இழுத்துக்கப் பார்த்தேன்.

"என் எழுத்து புரியலையா?"

"ஒண்ணும் ஏழும் மட்டும் கொஞ்சம்..."

"ஒரு நம்பர் தப்பா இருந்தா மொத்தமும் பொய்னு சொல்லி ஏரியை மூடிடுவாங்கடி. என்கிட்ட சொல்லியிருக்க வேணாமா?"

"எப்படிங்க சொல்ல?"

"இடுக்கியைக் குடுங்கன்னு சொன்னியே, அப்படித்தான்."

"அது குருவிக்காக."

"இதுவும் குருவிக்காகத்தானே."

சோப்புக் கையோட அவரு சட்டையைப் பிடிச்சுக்கிட்டேன். "ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா வந்து உக்காருங்க. எனக்குத் துணையா இருக்கும்."

"சும்மா உக்கார்ந்தா இந்தக் கை சும்மா இருக்குமா? நீ அந்தப் பக்கம் போனதும் பையில கையை விட்டுடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மறுநாள் எனக்கு முன்னாடியே எழுந்துட்டாரு. வளையம், இடுக்கி, தராசு எல்லாத்தையும் பையில எடுத்து வெச்சு, பென்சிலும் சீவி வெச்சிருந்தாரு. வாசல் வரைக்கும் பையைத் தூக்கிட்டு வந்து என் தோள்ல மாட்டிவிட்டாரு. அவரு கால்ல செருப்பு இல்ல.

"போயிட்டு வா"ன்னாரு.

கல்யாணமானதுலயிருந்து கடைக்கு, அம்மா வீட்டுக்குன்னு எங்க போனாலும் அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கேன். ஏரிக்குப் போக மட்டும் சொன்னதே இல்ல. சேர்ந்தேதானே கிளம்புவோம், யார்கிட்ட சொல்ல?

"போயிட்டு வரேங்க"ன்னு சொல்லிட்டுத் தெருவுல இறங்கினேன்.