செருப்பு ஸ்டாண்டில் பனி

ஸ்ரீரங்கத்தில் வியாகுலம்மாளின் செருப்பு ஸ்டாண்டுக்குள் மட்டும் சித்திரை வெயிலில் பனி கொட்டியது. காரணம், மேல்தட்டில் இருந்த ஒரு ஜோடி பழுப்பு ஷூ. தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்றிருக்கும். டோக்கன் வாங்கிக்கொண்டு கோயிலுக்குள் போனவர் போன தை மாதத்திலிருந்து திரும்பவில்லை. பனி தகரக் கூரைக்குக் கீழேயே உண்டாகிக் கீழேயே விழுந்தது. தன் பக்கம் ஒரு பொட்டுகூட வராததில் பக்கத்துப் பூக்கடைக்காரருக்கு மனத்தாங்கல். சுடுகல்லில் தத்தித் தத்தி ஓடிவந்தவர்கள் பாதத்தைப் பனியில் புதைத்து "அப்பாடா" என்றார்கள். ரங்கநாயகி மாமி மோர்ச் சொம்பைப் பனியில் குளிரவைக்கக் கொண்டுவந்து, "தோல்ல படாம வைம்மா" என்று தள்ளி நின்று சொல்வாள். வியாகுலம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஷூக்காரர் வந்து கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே பயம்தான் அவளை அரித்தது.

வந்தால் பளபளவென்று கொடுக்க வேண்டுமே என்று தேருக்கு முதல்நாள் ஷூவுக்குத் தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்தாள். பனி நின்றுவிட்டது. தேரன்று பாதம் வெந்து வந்தவர்களைப் பார்த்து அவள் அழுதேவிட்டாள்.

பெரிய கடைவீதியில் ஷூக்கடை வைத்திருக்கும் பரக்கத் அலியை மாமிதான் ஆட்டோவில் அழைத்துவந்தாள். அவர் ஷூவை முகர்ந்துவிட்டுச் சிரித்தார்.

"தாளிக்காம விட்டீங்களே! இதுக்குப் பேரு ஸ்வேடும்மா. தோலோட உள்பக்கத்தை வெளியே திருப்பி, துண்டுல இருக்குமே, அந்த மாதிரி பூ எழும்பத் தேய்ப்பாங்க. அந்தக் காலத்துல இந்தத் தோல்ல செஞ்ச கையுறை சுவீடன்லேருந்து வரும். பிரெஞ்சுக்காரங்க 'சுவீடன் கையுறை'ன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில அந்த ஊர்ப் பேரே தோலுக்கு நின்னுடுச்சு. அவங்க பாஷையில ஸ்வேடுன்னா சுவீடன்தான்."

"அப்போ பனி?"

"ஊர்ப் பேரோட ஊர்க் குளிரும் வந்திருக்கும். பூ படுத்துட்டா அது எங்கேருந்து இறங்கும்?"

பவுடரைக் கொட்டி எண்ணெயை உறிஞ்சவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் நீவினார். தோலில் பூ எழும்பியது. மாமியின் மூக்குக்கண்ணாடியில் முதல் பொட்டுப் பனி விழுந்தது.

மறுவாரமே அந்த ஷூவின் டோக்கனோடு வந்து நின்றான் சரத்குமார், துவாக்குடியில் படிக்கிறவன். வியாகுலம்மாள் மனசில்லாமல் ஷூவை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். அவன் பதறிப் பின்வாங்கினான்.

"ஐயோ, வேணாம்மா! இது இருந்தவரைக்கும் ஹாஸ்டல்ல என் ரூம்ல மட்டும் பனி. சைனஸ் பிச்சு எடுத்துடுச்சு. டோக்கனைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன். உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவள் அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தாள். அவன் மூன்று தும்மல் தும்மிவிட்டு பஸ் ஏறினான்.

இப்போது அக்னி நட்சத்திரத்திலும் வியாகுலம்மாள் மங்கி குல்லா போட்டுக்கொண்டுதான் டோக்கன் கொடுக்கிறாள். யாரும் ஏனென்று கேட்பதில்லை.