ஃபோட்டோவில் இருப்பவர்

ஆப் டிசைன் படிக்கும் சங்கமித்ரா, தன் ஆப்பைப் பயன்படுத்தப்போகும் மாதிரி ஆளாக, வீடுகளில் வேலை செய்யும் தன் அம்மாவின் ஃபோட்டோவை அட்டையில் ஒட்டி, 'தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிப்பவர்' என்று எழுதியிருந்தாள்.

"வேலைக்காரி இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறாளா? யார் நம்புவா? எழுதப் படிக்கத் தெரியாதுன்னு போடு, மார்க் வரும்" என்றார் பேராசிரியர். வகுப்பே சிரித்தது. அந்த அம்மா வயிற்றில் பிறந்தவளும் சேர்ந்து சிரித்தாள், சொன்னபடியே மாற்றினாள். மார்க்கும் வந்தது.

கல்லூரிக் கண்காட்சிக்கு மர்பி டவுன் வீட்டிலிருந்து அம்மா சொல்லாமல் வந்து நின்றாள். அட்டையை ஒரு வரி விடாமல் படித்தாள். கூடப் படிக்கும் ஷில்பா ஓடிவந்தாள்.

"ஃபோட்டோல இருக்கிறது நீங்கதானே ஆன்ட்டி? என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டட்டுமா?"

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"காட்டும்மா" என்றாள் அம்மா. "எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."