தட்டினாலும் நிற்காத சம்மட்டி

பதினெட்டு வருஷமாக என் புருஷன் எத்திராஜ் பழுத்த இரும்பை இடுக்கியால் பட்டடை மேல் பிடிப்பார், நான் சம்மட்டி அடிப்பேன். அவர் சுத்தியலால் பட்டடையை ஒரு தட்டு தட்டினால் நிறுத்திவிடுவேன்.

என் தோள்பட்டை போன பிறகு, அம்பத்தூர் காயலான் கடைகளில் பழைய மோட்டாரும் லாரி ஸ்பிரிங் பட்டையும் பொறுக்கி வந்து ஒரு மெஷின் செய்தார். மிதியை அழுத்தினால் சம்மட்டி தானாக அடிக்கும்.

முதல் நாள். கடப்பாரை நுனி கூரானதும் பழக்கத்தில் பட்டடையைத் தட்டினார். மெஷின் நிற்கவில்லை. மறுபடியும் தட்டினார். நுனி தோசையாகிவிட்டது.

“மிதியிலேர்ந்து காலை எடுய்யா! தட்டினா நிக்கிறதுக்கு அது இன்னா உன் பொண்டாட்டியா?”

நான் கத்தியதும் காலை எடுத்தார். சத்தம் நின்றது. அசடு வழியச் சிரித்தார்.

“நவுரு” என்று சொல்லி, முதல்முறையாக இடுக்கியை நான் வாங்கினேன்.