ஐந்தரை மணி அங்கன்வாடி

வடக்குப்பட்டில் மெர்சி பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிக்கு இன்றோடு ஆறு மாதக் கெடு முடிகிறது. மற்ற அங்கன்வாடிகள் சாவகாசமாக ஒன்பது மணிக்குத் திறக்கும். இது மட்டும் தொழிற்சாலைக்குப் போகும் முதல் ஷிப்டு பஸ் வருவதற்கு முன்னால், ஐந்தரைக்கே திறந்துவிடும். ஆதார் வேண்டாம், உள்ளூர் முகவரி வேண்டாம். சோதனை முயற்சி என்று அரசாங்கமே விதியைத் தளர்த்தியிருந்தது.

அதிகாரி வெங்கடேசனுக்கு அந்தத் தளர்வுதான் உறுத்தல். தொடரலாமா, மூடலாமா என்று அவர் எழுதுவதுதான் முடிவு. இரண்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"எந்தப் புள்ள யாருதுன்னு இன்னாத்த வச்சும்மா குடுக்கற? கம்பெனி கார்டாச்சும் காட்டுவாங்களா?"

"காண்ட்ராக்ட் ஆளுங்க சார். கார்டை கேட்லயே வாங்கி வச்சிக்கிறாங்க."

"எவனாவது பிஸ்கட்டக் காட்டிக் கூட்டிக்கினு போய்ட்டா? மூடச் சொல்லித்தான் எழுதணும். தப்பா எடுத்துக்காத."

மெர்சி, அங்கே விளையாடிக்கொண்டிருந்த இசைவாணியைப் பார்த்தாள். தென்காசிப் பக்கமிருந்து வந்த சுகப்பிரியா, முன்பெல்லாம் இந்த இரண்டு வயது மகளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். இதை மூடினால் மறுபடியும் அதே பூட்டுதான்.

"பிஸ்கட்டக் காட்டி நீங்களே இவளக் கூப்ட்டுப் பாருங்க சார்" என்றாள், கோபத்தோடு.

அவரும் விடவில்லை. ஒரு கிரீம் பிஸ்கட்டை நீட்டி இசைவாணியைக் கூப்பிட்டார். பிள்ளை பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய் மெர்சியின் பின்னால் ஒளிந்துகொண்டது.

ஷிப்டு முடிந்து பஸ் வந்தது. இருபது பெண்கள், ஒரே நீலச் சட்டை, ஒரே தொப்பி, லாரிப் புழுதிக்குப் பயந்து எல்லார் முகத்திலும் மாஸ்க். வெங்கடேசனுக்கு ஒருத்தியையும் அடையாளம் தெரியவில்லை. மெர்சி யார் பெயரையும் கூப்பிடாமல் கதவைத் திறந்தாள். இசைவாணி மூன்று பெண்களைத் தாண்டி ஓடி, நான்காவது ஆளின் காலைக் கட்டிக்கொண்டது.

"ஏட்டி, வாயெல்லாம் என்னது? யாரு தந்தா?"

பிள்ளை அதிகாரியைக் கை காட்டியது. சுகப்பிரியா மாஸ்கைக் கழற்றிக்கொண்டு அவரிடம் போனாள். "நீங்க யாரு? எம்புள்ளைக்கு நீங்க எதுக்குப் பிஸ்கட் குடுக்கீங்க? கார்டு இருக்கா?"

வெங்கடேசன் சட்டைப்பையைத் தடவினார். கார்டு ஆபீஸிலேயே இருந்தது. பெண்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள்.

"வுடு சுகப்பிரியா, எனக்குத் தெரிஞ்சவருதான்" என்றாள் மெர்சி.

அவர் அசட்டுச் சிரிப்போடு படிவத்தை எடுத்தார். அடையாளச் சான்று என்ற இடத்தில், 'நேரில் பார்த்தேன், தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மெர்சி எட்டிப் பார்த்தாள். சந்தோஷத்தில் குரல் தெருவுக்கே கேட்டது.

"ஏய், நாளைக்கும் அஞ்சரைக்கே இட்டாந்துடுங்க!"