ரெண்டு டியா, டி எச்சா?

திருத்தணி ஆபீஸில் உட்கார்ந்திருந்த கோமளவல்லிக்குக் காலையிலிருந்தே மண்டை காய்ந்துகொண்டிருந்தது. இடியில் கருகிப்போன பள்ளிப்பட்டு ரூட்டரை மாற்றிப் புதிது வைத்தாயிற்று. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இரண்டிலும் ஒரே செட்டிங், ஒரே பாஸ்வேர்டு இருந்து, ஹலோ சொல்லி ஒன்றையொன்று பக்கத்து வீடாக ஏற்றுக்கொண்டால்தான் பள்ளிப்பட்டுக்கு இன்டர்நெட் போகும். பாழாய்ப்போன இரண்டும் முகம் கொடுக்கவே இல்லை.

பதினோரு மணிக்குப் பள்ளிப்பட்டு வீட்டில் அவள் மகள் மோனிகாவுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. எட்டு மாதமாக விண்ணப்பம் போட்டு வந்த முதல் அழைப்பு. அங்கே செல்போனில் பேசலாம், படம் வராது. மணி பத்தரை.

பள்ளிப்பட்டில் ரூட்டர் முன்னால் நின்ற டெக்னீஷியன் பாசித்தைப் போனில் பிடித்து உலுக்கினாள்.

"ஏரியா நம்பர்?"

"பூஜ்யம்க்கா."

"ஹலோ டைம்?"

"பத்து செகண்டு. மூணு தபா கேட்டுட்டீங்க."

"நாலாவது தபாவும் கேப்பேன். பாஸ்வேர்டு?"

"நீங்க சொன்னதுதான். ஊர் பேரு, திருத்தணி, எல்லாம் சின்ன எழுத்து."

திரையில் பாஸ்வேர்டு வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினார்கள். ரூட்டரை அணைத்துப் போட்டார்கள். அதில் பத்து நிமிஷம் போயிற்று. நடுவில் மோனிகா கூப்பிட்டாள். "மா, வருமா வராதா?" அழுகிற குரல். "வரும்டி, வையி போனை!" என்று எரிந்து விழுந்தாள். விழுந்த கையோடு மனசு கஷ்டப்பட்டது.

"பாசித், பாஸ்வேர்டை எழுத்து எழுத்தா சொல்லு."

"டி, ஐ, ஆர், யூ, டி, எச்..."

"நிறுத்து! எச் எங்கருந்து வந்துச்சு?"

"பஸ்ல அப்படித்தான்க்கா எழுதிகினு இருக்காங்க?"

கோமளவல்லி போட்டது ரயில்வே ஸ்டேஷன் பலகையில் தினமும் பார்க்கிற ஸ்பெல்லிங். அதில் நடுவில் இரண்டு டி, எச் கிடையாது. ஊர் பேர்தானே என்று வாயால் சொன்னவளும் அவள்தான். யாரைத் திட்டுவது?

"எச்சை எடுத்துட்டு இன்னொரு டி போடுப்பா."

பத்து ஐம்பத்தாறுக்குப் பள்ளிப்பட்டு திரையில் வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு மோனிகா கூப்பிட்டாள். "மா, மொத கேள்வியே என்ன தெரியுமா? பர்த் சர்டிபிகேட்ல பொறந்த ஊரு திருத்தணிக்கு ரெண்டு டி, நான் அப்ளிகேஷன்ல டி எச் போட்டுட்டேன். ஏன் மாறுதுன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ரெண்டும் ஒரே ஊருதாங்கன்னேன். சிரிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க."

கோமளவல்லி மேஜை மேலிருந்த ரூட்டரை முறைத்தாள். "அவங்க மனுஷங்கடி. சொன்னா புரியுது."