போன சரக்கு

போன சரக்கு திரும்பி வந்தால் அதற்குப் பெயர் தொழில் அல்ல, ரிஜெக்ஷன். இந்த உலக உண்மையைக் கண்டுபிடித்தவன் பூபாலன். இரண்டாயிரத்து ஏழில், வேலம்பாளையம் பேக்கரியில், தேங்காய் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அவன் இதை அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. திருப்பூரில் ரிஜெக்ஷன் என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பவன் இன்னும் கடன் வாங்காதவனாக இருக்க வேண்டும்.

அவன் குறிவைத்தது அந்தோணிராஜை. இருவரும் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்ச், ஒரே அரியர். படிப்பு முடிந்ததும் பூபாலன் மூலனூரில் அப்பாவின் முருங்கைத் தோட்டத்தை விட்டு வந்து பனியன் கம்பெனி போட்டான். சாத்தான்குளம் பக்கத்துக்காரனான அந்தோணிராஜ் அதிலேயே கட்டிங் மாஸ்டருக்கு உதவியாகச் சேர்ந்தான். ஒரு நோம்பி விருந்துக்கு அவனைத் தன் வண்டியின் பின்னால் உட்காரவைத்து ஊருக்கு அழைத்துப்போனதுதான் பூபாலன் செய்த தப்பு. அங்கே அப்பா கன்னையன் முருங்கைக்காயைப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கயிறு இறுகிய இடமெல்லாம் காயின் தோல் வெட்டுப்பட்டிருந்தது. இலை போட்டுக் கூப்பிட்டும் போகாமல் விருந்தாளி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த மாதம் அந்தோணிராஜ் வேலையை விட்டான். வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டைப் பூபாலனிடமே வாங்கி விரல் அகலப் பட்டிகளாக நறுக்கினான். பனியன் துணி இழுத்தால் சுருண்டு கயிறாகும், காயை மட்டும் வெட்டாது. சந்தை முழுக்க அதிலேயே கட்ட ஆரம்பித்தது. அதோடு அந்தோணிராஜ் நின்றிருந்தால் பூபாலன் மன்னித்திருப்பான். காய் ஏற்றிப்போன லாரிகள் வெறுமையாகத் திரும்பும்போது, அவிழ்த்த பட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவரச் செய்தான். துவைத்து மறுபடி சந்தைக்கு அனுப்பினான். நைந்தவை மெஷின் துடைக்கப் போயின. துணி பூபாலனுடையது, காய் பூபாலனின் அப்பாவுடையது, கூட்டிப்போன வண்டியும் பூபாலனுடையது. யோசனை மட்டும் எப்படி இன்னொருவனுடையதாகும் என்பது பூபாலனுக்கு விளங்கவே இல்லை.

"கட்டிக் குடுத்த புள்ளையே கோவிச்சுக்கிட்டுத் திரும்பி வரக்கூடாதுன்னு கும்படறோம். இவன் கட்டுன கயிறு திரும்பி வரோணும்ங்கறான்" என்பான் பேக்கரியில். பிறகு எழுந்து நடித்துக் காட்டுவான். அந்தோணிராஜுக்கு ஒரு பழக்கம். தரையில் துண்டுப் பட்டி கிடந்தால் தாண்டிப் போக மாட்டான். குனிந்து எடுத்து, இரண்டு உதறு உதறி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, நான்கு விரலில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொள்வான். அந்தக் கடைசித் தட்டல்வரை பூபாலன் பிசகாமல் செய்வான். டீ ஆறிப்போகிற அளவுக்குச் சிரிப்பார்கள்.

பூபாலனின் சிரிப்பை நிறுத்தியவர் பேக்கரிக்காரர். புது மெஷின்கள் போட்டு, கேபினில் ஒரு குஷன் நாற்காலியும் வாங்கிவைத்து, அப்பா வந்து உட்காரட்டும் என்று பூபாலன் பல மாதங்களாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மரத்தை விட்டுவிட்டு எப்படி வருவது என்பார் அவர். அந்த அப்பா முந்தின நாள் பஸ் ஏறி வந்து, அந்தோணிராஜின் ஷெட்டில் பட்டிகளை இழுத்துப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு டீயும் குடித்துவிட்டு ஊர் திரும்பிய சங்கதியைப் பேக்கரிக்காரர் நல்ல சேதிபோலச் சொன்னார்.

அன்றே பூபாலன் அந்தோணிராஜுக்கு வேஸ்ட் கொடுப்பதை நிறுத்தினான். வேறு யாருக்கும் விற்கவும் இல்லை; வாங்குகிறவன் அவனிடமே கொண்டுபோய் விற்றுவிட்டால்? மூட்டைகள் குடோனை நிரப்பின, படிக்கட்டை நிரப்பின, கேபினுக்குள் வந்தன. கடைசியில் ஒன்று அப்பாவின் குஷன் நாற்காலியிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தோணிராஜ் ஒருநாள் வந்து பார்த்தான்.

"ஏல, இத வச்சு அடைகாக்கியா?"

கேட்டுவிட்டு, வாசலில் கிடந்த ஒரு துண்டை எடுத்துச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சில வாரம் கழித்து, அப்பாவைக் கையோடு காரில் ஏற்றி வந்துவிடுவது என்று பூபாலன் மூலனூர் சந்தைக்குப் போனான். காய்க்குவியல் முன்னால் குந்தியிருந்த கன்னையன் அவனைப் பார்த்ததும் எழுந்து, ஆள் இல்லாத பக்கமாகக் கூட்டிப்போனார்.

"கம்பெனி ஓடுதா கண்ணு? மறைக்காமச் சொல்லு."

"நல்லாத்தானுங்கப்பா ஓடுது. ஏனுங்க?"

"உன்ற நீலத்தையே காணமே."

நீலத் துணி மகன் கம்பெனியுடையது என்று அந்தோணிராஜ்தான் அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தான். ஒவ்வொரு சந்தைக்கும் புதுச் சாக்கைப் பிரித்ததும் அவர் அந்த நீலத்தைத்தான் முதலில் தேடுவாராம். இருந்தால் மகனுக்கு ஆர்டர் இருக்கிறது என்று அர்த்தமாம். அழுக்கு வேட்டியோடு ஏசி ரூமில் வந்து உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லையாம்.

"பழசு நாலு சுத்திச் சுத்தி வருது. புதுசு ஒண்ணுமில்ல. அந்தோணியக் கேட்டா, லோடு லேட்டுங்கய்யான்னே சொல்றான்." குரலைத் தாழ்த்தினார். "பணமுடையா இருந்தா சொல்லு சாமி. மேக்கால தோட்டத்த வித்துக் குடுத்தரலாம்."

பூபாலனின் வாயில் வந்த பதில்கள் எல்லாம் பேக்கரிக்கு ஆனவை. இங்கே ஒன்றும் செல்லாது.

"லோடு லேட்டுத்தானுங்கப்பா" என்றான்.

லாரி ஒன்று வந்து நின்று அந்தோணிராஜின் பட்டிச் சாக்குகளை இறக்கியது. கன்னையனின் கண் தன்னால் அந்தப் பக்கம் போனது. அவிழ்த்துக் கொட்டியதில் சிவப்பு, சாம்பல், மஞ்சள். எந்த ஊர்க் கடையில் யார் அவிழ்த்ததோ, வெளுத்துத் துவண்ட நீலத் துண்டு ஒன்று பூபாலனின் ஷூ அருகில் வந்து விழுந்தது. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பேக்கரி ஆட்கள் யாரும் இல்லை. குனிந்து எடுத்தான். இரண்டு உதறு உதறி, ஒருமுறை இழுத்துப் பார்த்தான், சுருண்டது. நான்கு விரலில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டான்.

லாரிச் சக்கரத்தடியில் இன்னொன்று கிடந்தது. மஞ்சள். யாருடைய கம்பெனியோ. குந்த வசதியாகப் பூபாலன் பேன்ட்டை முழங்காலருகே கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.